வெள்ளைச் சாமந்தி

திருப்பதி
20 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு, தாட்சாயணி வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. பொய்யில் ஆரம்பிக்கிற கடிதம் உருப்படாது என்று எங்கள் அம்மா சொல்வாள். நானும் உங்கள் தம்பியும் நலம். பிள்ளை காவ்யாவுக்குத்தான் சரியில்லை. நீங்களும் வேங்கடாசலம் அண்ணாவும் எப்படி இருக்கிறீர்கள்? சாந்திபுரத்தில் குளிர் விட்டதா? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறீர்களா?

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் தம்பியைப் பற்றித் தெரியாதா? லோடு ஆட்டோ ஓட்டி ஓட்டி, யார் போன் செய்தாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. நாம் இரண்டு பேர் பேசுவது மாடிவீடு வரைக்கும் கேட்கிறது. அதுவும் இல்லாமல், பேச வாய் திறந்தால் அழுதுவிடுகிறேன். காகிதத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது.

சங்கராந்தி லீவு விடுகிற அன்றைக்கே காவ்யா பள்ளிக்கூடப் படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது பலூன் வைத்துத் திறந்த வால்வு. இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. இப்போது அது சரியாகத் திறப்பதும் இல்லை, சரியாக மூடுவதும் இல்லை என்கிறார் டாக்டரம்மா. தைத்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தார்கள். சதை தடித்துப்போய்விட்டதால் தையல் தாங்காதாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், அதற்குமேல் தள்ளினால் இதயமே கெட்டுவிடும் என்றார்.

எந்த ஆபரேஷன் என்பதில்தான் சிக்கல், அண்ணி. இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, உங்களுக்கு வைத்திருக்கிற மாதிரி இரும்பு வால்வு. இன்னொன்று, காவ்யாவின் இதயத்திலேயே இருக்கிற பக்கத்து வால்வை எடுத்து இங்கே வைப்பது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "முன்வாசக் கதவு உளுத்துப்போச்சும்மா. பின்வாசல்ல நல்ல கதவு ஒண்ணு இருக்குது. அதைக் கழட்டி முன்னால மாட்டிடுவோம். பின்வாசலுக்கு, செத்துப்போனவங்க தானமா குடுத்த கதவு ஒண்ணு. பின்பக்கம் காத்து கம்மி, அது தாங்கும்." பிள்ளை வளர வளர முன்வாசல் கதவும் கூடவே வளருமாம்.

உங்கள் தம்பி சும்மா இருப்பாரா? "ஒரு கதவு கெட்டதுக்கு ரெண்டு கதவையும் கழட்டறதா? எந்த ஊரு நியாயம் மேடம் இது?" என்று கேட்டுவிட்டார். நல்லவேளை, டாக்டரம்மா கோபப்படவில்லை. "நியாயமான கேள்விதான். ஆபரேஷன் பெருசு. பின்வாசல் கதவை என்னிக்காவது மாத்தவும் வேண்டியிருக்கும். இரும்புன்னா உழைக்கும். ஆனா வளர்ற பிள்ளைக்கு அளவு பத்தாம போகலாம். ஆயுசுக்கும் மாத்திரை. ரெண்டுலயும் நல்லது இருக்குது, கஷ்டமும் இருக்குது. கேட்டுட்டு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

உங்கள் தம்பிக்கு இரும்புதான். "எங்கக்கா இல்லியா? பதினெட்டு வயசுல வெச்சது, இன்னிக்கும் இலை மூட்டை தூக்கிக்கினு திரியுது" என்கிறார். யார் என்ன கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் கண்ணெதிரே இருக்கிற சாட்சி. நீங்கள் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எதை வைக்கலாம், அண்ணி?

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தாட்சாயணி


சாந்திபுரம்
29 ஜனவரி 2024

தாட்சாயணிக்கு ஆசீர்வாதம். காவ்யா கன்னத்துக்கு என் முத்தம்.

நானும் இவரும் நலம். உன் கடிதம் வந்த அன்று பட்டுப்புழு நாலாம் தடவை தோலுரிக்கிற தூக்கம் விட்டு எழுந்திருந்தது. எழுந்தால் அதற்குப் பசி, நமக்குத் தூக்கம் போச்சு. கொட்டகைக்குள் நின்றால் இலை மேல் மழை பெய்கிற மாதிரி சத்தம். அவ்வளவும் தின்கிற சத்தம். மல்பெரி வெட்டும்போது கத்தி விரலில் பட்டுவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனே, எனக்கு லேசில் நிற்காது, துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அந்த மாத்திரைக்கு ஆகாது என்று கீரைதான் அளவாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது. தோட்டம் நிறையத் தண்டுக்கீரை, கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை விஷயம் கேட்டு மனசு கலங்கிப்போனது. டாக்டரம்மா ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவர், அவர் சொல்வதைக் கேளுங்கள். என் கதையை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். எனக்குக் காய்ச்சல் வந்து கெட்ட வால்வு, அவளுக்குப் பிறவியிலேயே. இரண்டும் ஒன்றா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பெண் பிள்ளை, பின்னால் என்னென்ன வரும் என்று டாக்டரம்மாவிடம் கேள். கோவர்த்தனன் பக்கத்தில் இல்லாதபோது கேட்டால் இன்னும் நல்லது.

காவ்யாவை மாடிப்படி ஏற விடாதே. இலை போட நேரமாகிவிட்டது.

தேவயானி


திருப்பதி
16 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணி, விரல் ஆறிவிட்டதா? எழுத்து கோணலாக ஒன்றும் இல்லை. நான் கேட்ட கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது, அவ்வளவுதான். நாத்தனாரை இப்படிப் பேசலாமா என்று நினைக்காதீர்கள். உங்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசப்போகிறேன்?

நீங்கள் சொன்னபடி தனியாகக் கேட்க முடியவில்லை. உங்கள் தம்பி என்னை ஆஸ்பத்திரிக்குத் தனியாக விட்டால்தானே! ஆனால் டாக்டரம்மாவே பேச்சை எடுத்தார். "பெண் பிள்ளை. இரும்பு வெச்சா, பெரியவளாகி கல்யாணமாகி கர்ப்பம் தரிக்கும்போது இந்த மாத்திரையால..." என்றார். அவ்வளவுதான், இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "மேடம், பன்னெண்டு வயசுப் பொண்ணு. அதுக்கு எதிர்ல இந்தப் பேச்செல்லாம் எதுக்கு? எங்களுக்கு உசுரு நின்னா போதும்." காவ்யா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடிவந்துவிட்டேன். பாதியில் நின்ற அந்தப் பேச்சு என் காதை விட்டுப் போகவில்லை.

இன்னொரு கூத்து. காவ்யாவும் இரும்புதான் வேண்டும் என்கிறாள். சின்ன வயதில் உங்கள் நெஞ்சில் காது வைத்து டிக் டிக் கேட்டுக்கொண்டே தூங்குவாளே, அந்த ஆசை. "எனக்கும் கடிகாரம் வெச்சா அத்தையும் நானும் ஒரே ஜாதி" என்கிறாள். அப்பாவும் மகளும் ஒரு கட்சி. நான் மட்டும் திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி முழிக்கிறேன்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இரண்டு தடவை தங்காமல் போனது மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்ததால்தானே? என் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. இந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. கேட்கக்கூடாததைக் கேட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அண்ணாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

தாட்சாயணி


திருப்பதி
12 மார்ச் 2024

டியர் அத்தை, நான் காவ்யா. ஸ்கூலில் தெலுங்கு, வீட்டில் தமிழ். அதனால் கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. நீங்க நல்லா இருக்கீங்களா? மாமா நல்லா இருக்காரா? புழு எல்லாம் கூடு கட்டிடுச்சா?

நீங்க ஏன் அம்மாவுக்கு லெட்டர் போடலை? அம்மா தினமும் மாடியில் நின்று போஸ்ட்மேனைப் பார்க்கிறாள். அவருக்கே பாவமாகிவிட்டது. இப்போதெல்லாம் தெரு முனையிலேயே "ஏமீ லேதம்மா" என்று கத்திவிட்டுப் போகிறார். ஒன்றும் இல்லையாம்.

எனக்கு ஸ்கூல் கிடையாது. ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, ஸ்கிப்பிங் கூடாது. சும்மா உட்கார்ந்து அம்மா திட்டுவதைக் கேட்கலாம், அது மட்டும் கூடும். நைனா என் எதிரில் எப்போது பார்த்தாலும் சிரிக்கிறார். முன்னால் எல்லாம் இவ்வளவு சிரிக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை.

எனக்குக் கடிகாரம் வைத்த பிறகு நாம் இரண்டு பேரும் பக்கத்தில் படுத்து, யாருடையது வேகமாக அடிக்கிறது என்று பார்க்கலாம். வலிக்குமா? நீங்க சொன்னா நம்புவேன்.

பை பை அத்தை.
காவ்யா


சாந்திபுரம்
25 மார்ச் 2024

என் தங்கம் காவ்யாவுக்கு அத்தை ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. நானும் மாமாவும் நலம். புழு கூடு கட்டி, கூடு பலமநேர் சந்தைக்கும் போய்விட்டது. வெயில் ஏறிவிட்டதால் கொட்டகைக் கூரைக்கு ஈரச் சாக்குப் போட்டிருக்கிறோம்.

வலிக்குமா என்று கேட்டாய். வலிக்கும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இருமும்போதும் சிரிக்கும்போதும் வலிக்கும். பிறகு ஒரு நாள் காலையில், நேற்று வலித்ததா என்று நீயே யோசித்துப் பார்ப்பாய். மறந்திருக்கும்.

கடிகாரம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், கண்ணு. ஆனால் அதற்குத் தினமும் சாவி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் கோபித்துக்கொள்ளும். அத்தையைப் பிடிக்கும் என்பதற்காக அத்தைக்கு இருப்பதெல்லாம் உனக்கும் வேண்டுமா? என் தலைவலி வேண்டுமா?

அம்மாவிடம் சொல். அவளுக்கு எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். அவள் மேல் கோபம் இல்லை என்று மட்டும் சொல்.

அத்தை


திருப்பதி
8 ஏப்ரல் 2024

அக்காவுக்கு கோவர்த்தனன் எழுதுவது. சுகமா? மாமா சுகமா? நாளைக்கு உகாதி. பச்சடிக்கு வேப்பம்பூ வாங்கி வைத்தாயிற்று. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. இவள் உனக்கு எழுதுவதைப் பார்த்து எனக்கும் எழுதத் தோன்றியது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இவளும் நானும் பேசிப் பேசிச் சண்டைதான் மிச்சம். ஒரு நாள் அவள் சொல்வது சரி என்று படுகிறது, மறுநாள் நான் சொல்வது. இதை நாம் முடிவு செய்ய முடியாது. நம் ஊர் கங்கம்மாவிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிறந்த வீட்டுப் பெண் கட்டின பொட்டலத்தைத்தான் அம்மன் ஒத்துக்கொள்வாள். கரும்புத் தோட்டம் வாங்கும்போதும் நீதான் கட்டினாய். இவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் நீதான் கட்டினாய். அதனால் நீ வர வேண்டும். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை நாராயணவனத்துக்கு வந்துவிடு, அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குக் கூட்டிப்போகிறேன். பூ நான் வாங்கி வருகிறேன். வெள்ளைச் சாமந்தி வந்தால் இரும்பு வால்வு. சிவப்பு ரோஜா வந்தால் பக்கத்து வால்வு. எது வந்தாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். வெள்ளைதான் வரும் என்று மனசு சொல்கிறது.

அக்கா, உனக்கு ஆபரேஷன் ஆனபோது நான் டிபன் கேரியர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நீ பிழைக்க மாட்டாய் என்று நைனா நம் தாய்மாமனிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். நீ பிழைத்தாய். அந்தத் தைரியத்தில்தான் இப்போது நிற்கிறேன். உன்னைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

உன் தம்பி
கோவர்த்தனன்


திருப்பதி
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணி, சௌக்கியமாக வீடு சேர்ந்தீர்களா? குப்பம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? வெயிலில் இவ்வளவு தூரம் வந்து நின்றீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது, பஸ் கிளம்பிவிட்டது.

காவ்யா கை வைத்தது சிவப்பு. இவர் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனதைப் பார்த்தீர்கள் அல்லவா? ஆனாலும் சொன்ன சொல் மாறவில்லை. "அம்மா சொல்லிட்டா, அவ்ளோதான்" என்று விழுந்து கும்பிட்டார். காவ்யாதான் கடிகாரம் போச்சே என்று உதட்டைப் பிதுக்கினாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட வேண்டும் என்று என் கையில் கொடுத்தீர்கள். நான் போட்டேன். ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன், அண்ணி. அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை கண்ணால் பார்த்து, போய்த் தொலை என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. வாழையிலையைப் பிரித்தால் உள்ளேயும் சிவப்பு ரோஜாதான் இருந்தது.

கிணற்றுமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் மயக்கம் என்று இவரிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. அம்மன் முன்னால் இப்படிச் செய்கிறவர் இல்லையே நீங்கள்! நகத்தை வெட்டுவதற்கும் வெள்ளிக்கிழமையா என்று பார்க்கிறவர். பிப்ரவரியில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இதுதான் அந்தப் பதிலா? என் பிள்ளையின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

தாட்சாயணி


சாந்திபுரம்
27 ஏப்ரல் 2024

தாட்சாயணி, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை நேற்று வாங்கினேன். இந்தத் தடவை எழுந்து போகாமல் எழுதி முடிக்கிறேன்.

நான் எந்தக் கொட்டகையிலும் வழுக்கி விழவில்லை.

எனக்கு வால்வு வைத்தபோது டாக்டர் நைனாவிடமும் தாய்மாமனிடமும் எல்லாம் சொல்லியிருப்பார். மாத்திரை சாப்பிடுகிற பெண் கர்ப்பமாவதற்கு முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருப்பார். நைனா அதை எனக்கு எப்படிச் சொல்வார்? வயசுப் பெண்ணிடம் அந்தப் பேச்சைப் பேசுகிற வீடா நம் வீடு? அம்மாவிடம் சொல்லவும் அவருக்குக் கூச்சம். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். மாத்திரையை விடக்கூடாது என்பது மட்டும்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

கல்யாணமாகி அடுத்த வருஷமே உண்டானேன். விடாமல் மாத்திரை சாப்பிட்டேன், அவ்வளவு சமத்து. அஞ்சாம் மாசம் வளையல் போட நம் வீட்டிலிருந்து வருவதாக இருந்தது. நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னாலேயே பிள்ளை போய்விட்டது. அப்போது பார்த்த டாக்டர்தான், "இந்த மாத்திரையோடயா உண்டானீங்க? யாருமே சொல்லலியா?" என்று கேட்டார். யாருமே சொல்லவில்லை.

அடுத்த தடவை யாரிடமும் கேட்கவில்லை. நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். பிள்ளைக்காக. இவருக்குக்கூடத் தெரியாது. வால்வில் ரத்தம் உறைந்து மூச்சு அடைத்து விழுந்தேன். என்னைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை. இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்தினாள் என்று தெரிந்தால் பிறந்த வீட்டில் என்னைத் திட்டுவார்கள் என்று, கொட்டகையில் விழுந்துவிட்டாள் என்று இவர்தான் ஒரு பொய்யைச் சொன்னார். இரண்டுக்கும் அதே பொய் போதுமானதாக இருந்தது. தங்கமான மனுஷன். இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

கோவர்த்தனன் என்னைக் காட்டி, எங்கக்கா இல்லியா என்று சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவன் தைரியத்தை உடைக்க மனசு வரவில்லை. பூக்கட்டக் கூப்பிட்டதும், சாமியாவது சொல்லட்டும் என்றுதான் வந்தேன். கடைசி நிமிஷத்தில் சாமியையும் நம்பாமல், கோயில் வாசலில் இன்னொரு ரோஜா வாங்கிக் கட்டிவிட்டேன். வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வேன்?

இரும்பைக் குறை சொல்ல மாட்டேன், தாட்சாயணி. அதுதான் என்னை வாழ வைத்தது. உன் கல்யாணத்தைப் பார்த்தேன், காவ்யாவை இடுப்பில் வைத்துச் சுற்றினேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொன்னால் மாத்திரைக்குப் பதிலாக ஊசிக்கு மாற்றிக் கவனித்துக்கொள்கிறார்களாம், பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்களாம். பக்கத்து வால்வு வைத்தால் கஷ்டமே வராது என்றும் எனக்குத் தெரியாது. அதனால் என் பூவை நம்பாதே, என் பயத்தையும் நம்பாதே. டாக்டரம்மா பாதியில் நிறுத்தியதை முழுக்கக் கேள். கேட்ட பிறகு இரும்புதான் என்றால் அதுவே இருக்கட்டும். கதவுக்கு வெளியே நின்று முடிவு எடுக்காதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

கோவர்த்தனனிடம் சொல்ல வேண்டுமானால் சொல். திட்டினால் திட்டட்டும். அம்மனை ஏமாற்றிய பாவம் மட்டும் பிள்ளைமேல் வந்துவிடக்கூடாது என்று தினமும் விளக்கேற்றி அழுகிறேன்.

தேவயானி


திருப்பதி
9 மே 2024

என் அண்ணிக்கு, அழாதீர்கள் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மனசளவிலாவது இன்றைக்குத்தான் எல்லோரும் நலம் என்று பொய் இல்லாமல் எழுத முடிகிறது.

உங்கள் கடிதத்தை இவர் கையில் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தார். சாதம் காய்ந்துபோனது. நான் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு இவர் சொன்னதைக் கேளுங்கள். "ரெண்டும் சிவப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் வாங்கிக் குடுத்த வெள்ளைச் சாமந்தி, கோயிலை விட்டு வரசொல்ல அக்கா தலையில இருந்துச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் பக்கத்திலேயே நடந்து வந்தேனே, நான் பார்க்கவில்லை! "சாமிக்கு வாங்கின பூவைக் கால் படற எடத்துல போட அதுக்கு மனசு வராது. அதான் தலையில வெச்சிக்கிச்சி. எங்கக்கா பொய் சொல்ற ஆளு இல்ல. அது கங்கம்மாகிட்டயே பொய் சொல்லுதுன்னா பின்னால பெருசா ஏதோ கீதுன்னு கம்முனு இருந்தேன்" என்றார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இப்படி இவர் அழுது நான் பார்த்ததில்லை.

பாவம் வந்துவிடும் என்று நீங்கள் எழுதியதற்கும் பதில் சொன்னார். "கங்கம்மா பொம்பள சாமிதானே? அவளுக்குத் தெரியாதா?" காய்ந்த சாதத்தை எடுத்துவிட்டு வேறு சாதம் போட்டேன்.

மறுநாளே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "மேடம், அன்னிக்கிப் பாதியில எழுந்து போயிட்டேன். மீதியைச் சொல்லுங்க" என்றார். காவ்யாவை வெளியே அனுப்பவா என்று டாக்டரம்மா கேட்டார். "வாணாம். அவ நெஞ்சு, அவளும் கேக்கட்டும்" என்றார் உங்கள் தம்பி! எல்லாவற்றையும் கேட்டோம். மாத்திரை, பிள்ளைப்பேறு, பின்வாசல் கதவை எப்போது மாற்ற வேண்டியிருக்கும், ஆபரேஷனில் என்ன ஆபத்து, எதையும் விடவில்லை. டாக்டரம்மா தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார். கடைசியில் காவ்யா ஒரு கேள்வி கேட்டாள். "கடிகாரம் இல்லாம இருந்தா ஸ்கிப்பிங் ஆடலாமா?" ஆடலாம் என்றதும் அவள் கட்சி மாறிவிட்டாள்.

பக்கத்து வால்வுதான். பூவுக்காக இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு. இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன்.

அண்ணி, ஒரே ஒரு சந்தேகம். என்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டபோது நீங்கள் கட்டின பொட்டலம்? அதிலும் இதே வேலைதானா?

உங்கள் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன் என்று தெரியாத,
தாட்சாயணி


திருப்பதி
30 ஜூன் 2024

அத்தை, நான் நலம். நிஜமாகவே நலம். நீங்களும் மாமாவும் நலமா? நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எனக்குப் பாதி நினைவுதான். உங்க கை மல்பெரி வாசனை அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நீங்க சொன்ன மாதிரியே வலித்தது. நைனா ஜோக் சொல்லக்கூடாது என்று நர்ஸ் அக்கா ஆர்டர் போட்டார். நேற்று காலையில் யோசித்துப் பார்த்தேன், முந்தின நாள் வலித்ததா என்று. மறந்துபோயிருந்தது.

நெஞ்சில் காது வைத்துக் கேட்கச் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். சும்மா லப் டப் தானாம். கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் மாடிப்படி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. அம்மா கீழேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசல் கதவைக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். அம்மா தினமும் விளக்கேற்றும்போது, "பின்வாசல் சாமி, உங்க வீட்டுப் பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிடுகிறாள். நானும் கும்பிடுகிறேன். அவருக்கு ஸ்கிப்பிங் பிடிக்குமா என்று தெரியவில்லை.

உங்களைப் பார்க்க வருவோம். நைனா ஏதோ வாங்கி வைத்திருக்கிறார், என்னிடம் சொல்லக்கூடாது என்கிறார்.

காவ்யா


சாந்திபுரம்
19 ஆகஸ்ட் 2024

தாட்சாயணிக்கும் காவ்யாவுக்கும் என் ஆசீர்வாதம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் பிள்ளைக்குக் களைப்பு இல்லையே? இங்கே நாங்கள் இருவரும் மிக மிக நலம்.

நீங்கள் வந்து போன பிறகு வீடு காலியாகத் தெரிகிறது. திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு லட்டும் கையுமாக வாசலில் வந்து நின்ற கோவர்த்தனனை இவருக்கே அடையாளம் தெரியவில்லை. யாரோ சந்தா கேட்க வந்திருக்கிறார் என்று சில்லறை எடுக்கப் போய்விட்டார்.

அவன் பையிலிருந்து அந்த வளையல் பெட்டியை எடுத்து வைத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம வூட்லேந்து உனக்கு வர வேண்டிய வளையல் இது. அப்பவே வந்திருக்கணும். லேட்டாயிடுச்சி" என்றான். நாற்பதைத் தாண்டியவளுக்கு வளையல் போடுகிற சடங்கா என்று இழுத்தேன். காவ்யா கேட்கவில்லை. பச்சையும் சிவப்புமாக முழங்கை வரைக்கும் அடுக்கிவிட்டாள். நீ மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்தாய். யாரும் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர்களுக்காக நானும் இவரும் மட்டும்தான் அழுதோம். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் கூட இருந்தீர்கள். இதற்கு நன்றி என்று சொன்னால் சின்ன வார்த்தையாக இருக்கிறது.

உன் புருஷனுக்கு அளவு பார்த்து வாங்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரு சுற்று பெரிசு. இலை வெட்டும்போது கழன்று விழுந்துவிடும் என்று இவர் சொல்கிறார். விழட்டும், கழற்றுவதாக இல்லை.

உன் சந்தேகத்துக்குப் பதில் பாக்கி இருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டபோது ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கங்கம்மா மேல் சத்தியம். நீ அவளே பார்த்துக் கொடுத்தவள், நான் கொடுத்தவள் இல்லை.

காவ்யாவுக்கு ஒரு சேதி. வழக்கமாகப் படுத்தால் என் கடிகாரச் சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கும். இருபத்து நாலு வருஷமாக அப்படித்தான். நேற்று புரண்டு படுத்தேன், கை நிறைய வளையல் குலுங்கியது. அந்தச் சத்தத்தில் கடிகாரம் கேட்கவே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

தேவயானி